உன் மாமியின் ஜனாஸாவும் என் புதுப் போனும்

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபமாக இருந்தாலும் சலாம் சொல்லத்தான் வேண்டும் என்பதால் சொல்கிறேன். சுகம் விசாரிக்கப் போவதில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய். உன் மனைவியிடம் என் சலாத்தைச் சொல். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்கு இந்த மனுசன் பேனையும் கடுதாசியும் எடுத்துக்கொண்டு இருக்கிறார் என்று நீ நினைப்பாய். குரல் மெசேஜ் அனுப்ப எனக்குத் தெரியும். தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவன் நீ, அதனால் இதை முதலில் எழுதி வைக்கிறேன். ஆனால் உன் கலியாண வீட்டில் பார்த்தேன், யாருடைய குரல் மெசேஜையும் நீ வேகத்தைக் கூட்டி வைத்து, கோழி கொக்கரிக்கிற மாதிரி ஆக்கித்தான் கேட்கிறாய். நான் சொல்லப் போவதை அப்படிக் கேட்க விடமாட்டேன். இருந்து, ஒவ்வொரு வரியாகப் படி.

அந்தப் போனை நீ எப்படித் தந்தாய் என்று நினைவு இருக்கிறதா? கலியாணம் முடிந்து கொழும்புக்குப் புறப்படுகிற அவசரம். கார் ஸ்டார்ட்டில் நிற்கிறது. என் பழைய பட்டன் போனைக் கையிலிருந்து வாங்கி, உள்ளே இருந்த சிம்மைக் கழற்றி, புதுப் போனில் போட்டாய். "இங்க அமத்துங்க, இப்படித் தள்ளுங்க, இதுதான் வட்ஸ்அப், விளங்கினா வாப்பா?" என்றாய். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். "ஓம் மகன், விளங்கிட்டு" என்றேன். நீ போய்விட்டாய். போன் முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் சட்டைக் கழுத்துப் பட்டியில் தைக்கிற சைஸ் எழுத்துகள்தான். நான் தையல்காரன். ஊசி குத்திக் குத்தி என் விரல் நுனியெல்லாம் தோல் தடித்துப் போயிருக்கிறது. அந்தக் கண்ணாடி என் விரலை விரல் என்றே ஏற்றுக்கொள்ளவில்லை. அமத்துவேன், சும்மா இருக்கும். கோபத்தில் இன்னும் பலமாக அமத்துவேன், நான் கேட்காத எதையோ திறந்து வைத்துக்கொண்டு சிரிக்கும். கடைசியில் சின்ன விரலால் தொட்டால் கேட்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு உன் உம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததை எழுத முடியாது.

ஆனால் பழகினேன் மகன். யாரும் இருத்தி வைத்துச் சொல்லித் தரவில்லை, விழுந்து எழும்பித்தான் பழகினேன். ஆலங்குடாக் கடலில் பட்டத்தில் தொங்கிக்கொண்டு ஓடுகிற வெள்ளைக்காரர்கள் கிழிந்த பட்டத்தைத் தைக்க என்னிடம் கொண்டு வருவார்கள் அல்லவா, அவர்களுக்கு, வேலை முடிந்துவிட்டது என்று போட்டோ எடுத்து அனுப்புகிற அளவுக்குப் பழகினேன். உன் பெயரை "மகன்" என்று தமிழில் நானே எழுதிச் சேமித்தேன். அதற்கு ஒரு காலை நேரம் முழுக்கப் போனது. நீ என்னை நம் குடும்பக் குரூப்பில் சேர்த்துவிட்டது மட்டும்தான் அந்தப் போனில் நீ செய்த ஒரே நல்ல காரியம். ஏன் தெரியுமா? அதில் ராத்தா இருந்தா.

உனக்கு அவ மாமி. எனக்குக் கூடப் பிறந்த அக்கா, உம்மாவுக்கு அடுத்த உம்மா. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து நம் முஸ்லிம் ஆட்களையெல்லாம் விரட்டிய நேரம், கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில் நான் கடல் பிடிக்காமல் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். அவ என் சாரத்தின் நுனியைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரைக்கும் என்னை ஏசிக்கொண்டே வந்தா. அன்பை ஏச்சாகத்தான் காட்டத் தெரியும் அவவுக்கு. நீ பிறந்து உன் உம்மா காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தபோது, இந்த ஆலங்குடா முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள், உன்னை மடியில் போட்டுக்கொண்டு இருந்ததும் அவதான். நீ மடியை நனைக்கிற ஒவ்வொரு தரமும் உன்னையும் ஏசினா. சண்டை முடிந்த பிறகு, சொந்த மண்ணில்தான் கண்ணை மூடுவேன் என்று தன் மகன் ரியாஸோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டா. நான் இங்கேயே இருந்துவிட்டேன். அவவிடம் சொந்தமாகப் போன் இல்லை. ரியாஸின் போனை வாங்கி, காலையில் குரூப்பில் ஒரு குரல் போடுவா. "தம்பி, தேத்தண்ணி குடிச்சியா? இந்தச் சாமானப் பாவிக்கப் பழகிட்டியா, இல்ல இன்னும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருக்கியா?" இதுதான் தினமும். நான் தையல் மெசினுக்குப் பக்கத்தில் போனை வைத்து அதைக் கேட்டுவிட்டுத்தான் முதல் தையலைப் போடுவேன். புதுப் போன் எனக்குப் பிடித்துப் போனதற்கு அந்தக் குரல்தான் காரணம், உன் கமெரா இல்லை.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. உன் மாமனார் உம்ராவுக்குப் போய், மக்காவில் வெள்ளை உடுப்போடு நிற்கிற படத்தை நீ குரூப்பில் போட்டாய். எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்று அழகான அரபு எழுத்துப் படங்களை ஒட்டினார்கள். நானும் ஒட்ட நினைத்தேன். சம்மந்திக்கு மரியாதை செய்ய வேண்டாமா? அதற்கு முந்திய நாள் ஊரில் ஒரு மவுத்து. ஊர்க் குரூப்பில் அதற்கு "இன்னாலில்லாஹி" ஒட்டியிருந்தேன். இரண்டும் பச்சை, இரண்டும் பூப்போட்ட எழுத்து, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மூக்குக் கண்ணாடி மெசின் மேல். விரல் என்னுடைய இந்த மரக்கட்டை விரல். மக்காவில் உயிரோடு நிற்கிற மனுசனின் படத்துக்குக் கீழே, மவுத்தானவருக்கு ஓதுகிறதை ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு காற்சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

அட அல்லாஹ்வே, அதற்குப் பிறகு நடந்த கூத்து! அரபு நாட்டில் இருக்கிறவர்கள் துஆ எழுதினார்கள். மக்காவில் மவுத்தாவது எல்லாருக்கும் கிடைக்குமா என்று யாரோ நீளமாக எழுதினார்கள். தெஹிவளையில் உன் மாமனார் வீட்டுக்குப் போன் மேல் போன். உன் மனைவி அழுது மயங்கிவிட்டாள். மதுரங்குளியிலிருந்து உன் உம்மாவின் ஆட்கள் தெஹிவளைக்குப் போக வான் வண்டிக்கே சொல்லிவிட்டார்கள். அந்த மனுசனோ மக்காவில் ஹோட்டல் அறையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எழும்பினதும் தன் மவுத்துச் செய்தியைத் தானே படித்திருக்கிறார். நான் அவருக்கு உடனே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பரவால்ல சம்மந்தி, எனக்கு எத்தின பேர் துஆச் செய்யிறாங்க எண்டு உயிரோடேயே பாத்துட்டன்" என்று சிரித்தார். யாருக்கு அந்த அவமானமோ அவரே சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை.

நீ போன் எடுத்துக் கத்தினாய். "உங்களால எனக்கு மூஞ்ச காட்டேலாமக் கிடக்கு வாப்பா. ஏலாட்டி அந்தப் போனத் தொடாம வெச்சிருங்க." கேட்டுக்கொண்டேன். பிழை என்னுடையது. அன்று பின்னேரத்தோடு குரூப் அமைதியாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் ராத்தாவின் குரல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எல்லாரும் என் மேல் கோபம் என்று நினைத்தேன். நான் செய்த வேலையால் குரூப்பையே மூடிவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். உன் உம்மாவிடம் போனே இல்லை, வேறு யாரிடம் போய்க் கேட்பேன்? கேட்டால் அந்தக் கதையை மறுபடி எடுப்பார்கள். வெட்கம் மகன், எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தினமும் அதைத் திறந்து பார்ப்பேன். கடைசியில் ஒரு சின்ன வரி இருந்தது. இங்கிலீஷில் இரண்டு சொல். அதற்கு முன்னால், நான் எழுதிச் சேமித்த மாதிரியே தமிழில், "மகன்". அது என்ன என்று எனக்குத் தெரியாது. நீ அதற்குள் இருக்கிறாய், பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று போன் சொல்கிறதாக்கும் என்று நினைத்தேன். எல்லாரும் கோபித்தாலும் மகன் இருக்கிறான் என்று மனம் ஆறினேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று இப்போது பார்.

ராத்தாவை ஆசுபத்திரியில் போட்ட கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் கேள்விப்பட்டேன், அது முழுக்க அந்தக் குரூப்பில்தான் நடந்திருக்கிறது. அவவின் படம், டொக்டர் சொன்னது, யார் போய்ப் பார்த்தார்கள், யார் சோறு கொடுத்தார்கள் எல்லாம். ஏதோ மனம் கேட்காமல் நான் ரியாஸுக்குப் போன் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. அவனும் கோபம் போல என்று விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீ எனக்கு எடுத்தாய். என்ன கதைத்தாய் என்று நினைத்துப் பார். பிரஷர் குளிசை குடிக்கிறேனா என்று கேட்டாய். உங்கள் பக்கம் மழையா என்று கேட்டாய். மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவ மவுத்தானது ஒரு விடியற்காலை. அன்றைக்கே பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். பாலாவியிலிருந்து நம் ஆட்கள் ஒரு வானில் போனார்கள். நீ காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவாய் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் என்னை வானில் ஏற்றுவார்கள் என்று நீ நினைத்தாய். நான் நாள் முழுக்கக் கடையில் இருந்து ஒரு கலியாணச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். போன் பக்கத்தில்தான் கிடந்தது. பொழுது பட்டு, மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒருவர் என் கையைப் பிடித்தார். "நானா, ராத்தாட ஜனாஸாக்குப் போய் அதுக்குள்ள திரும்பிட்டீங்களா? சனம் கூடவா வந்தது?" என்று கேட்டார். என் ராத்தாவுக்கு என்ன என்று நான் அவரிடம் கேட்டேன். அந்த மனுசனுக்கு விளங்கிவிட்டது. அவர்தான் என்னைப் பிடித்துப் படியில் இருத்தினார். என் ராத்தா மவுத்தான செய்தி, மகன், எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பெண்ணின் மையித்தைக் கபுறுக்குள் இறக்குவது சொந்த இரத்தத்தில் வந்த ஆண்கள். அவவுக்குக் கூடப் பிறந்தவன் என்று இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தக் குழிக்குள் இறங்கி அவவை வாங்கி வைத்திருக்க வேண்டிய கை இது. இந்தக் கை அன்றைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தது. உனக்கு இது விளங்குகிறதா, இல்லை இதையும் வேகத்தைக் கூட்டிப் படிக்கிறாயா?

அடுத்த நாள் பஸ் ஏறி மன்னாருக்குப் போனேன். ரியாஸ் வாசலில் நின்றான். சலாத்துக்குப் பதில் சொன்னான், கட்டிப்பிடிக்கவில்லை. இருக்க ஒரு கதிரையைக் காட்டினான். தான் நின்றுகொண்டே சொன்னான். "உம்மா ஆசுபத்திரியில கதவையே பாத்துக்கிட்டு கிடந்தா மாமா. வந்த ஆக்கள்கிட்ட எல்லாம், தம்பி வந்தானா, தம்பி வந்தானா எண்டு கேட்டா. குரூப்ல எத்தின தரம் போட்டம். நீங்க ஒரு சொல்லுப் போடல்ல. அந்தக் கோபத்திலதான் நீங்க எடுத்தபோதும் நான் எடுக்கல்ல. நேத்து உங்கட மகன் போன் எடுத்தார். கேட்டன். வாப்பாக்கு அந்தப் போன் பாவிக்கத் தெரியா, மெசேஜ் ஒண்டும் பாத்திருக்க மாட்டார் எண்டு சொன்னார். பழகியிருக்கலாமே மாமா. உம்மாக்காகவாவது பழகியிருக்கலாமே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் மகன். எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன். நீ சொன்னதை நானும் நம்பினேன். எங்கேயோ எதையோ பிழையாக அமத்தி, என் ராத்தாவின் கடைசி நாட்களை நானே பூட்டிவிட்டேன் என்று நம்பினேன். கபுறடிக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தில் இருந்து அவவிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரு போனைப் பாவிக்கத் தெரியாததற்காக. சிறுபிள்ளை மாதிரி அழுதேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் குரூப் உயிர் பெற்றிருக்கிறது. பழைய வரிக்குக் கீழே புதிதாக இன்னொரு வரி. அதிலும் "மகன்". அதற்குக் கீழே எல்லாரும் எனக்கு அனுதாபம் எழுதத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் சிலாபத்துக்குப் போகிற ஒரு நர்ஸ் பிள்ளை இருந்தாள். போனை நீட்டி, இந்த இரண்டு வரியும் என்ன என்று கேட்டேன். அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். "ஐயா, கீழ இருக்கிறது, உங்கட மகன் உங்களச் சேர்த்திருக்கிறார் எண்டு" என்றாள். மேலே இருப்பது? "அதுவும் அவர்தான் ஐயா. உங்கள எடுத்து விட்டிருக்கிறார்." என்ன தேதி என்று கேட்டேன். சொன்னாள். நீ என்னோடு கத்திய அதே நாள், மகன். அதே பின்னேரம்.

நீ என்னை நீக்கினதைக்கூட நான் பொறுப்பேன். கோபம் வந்தது, மாமனார் வீட்டில் தலைகுனிவு, புது மாப்பிள்ளை, ஒரு விரலால் அமத்திவிட்டாய், அந்த அமளியில் அது வேறு ஒருவர் கண்ணிலும் படவில்லை. சரி. என்னால் பொறுக்க முடியாதது, அதற்குப் பிறகு நீ அதை மறந்தே போனது. அத்தனை பேர் இருக்கிற இடத்தில் உன் வாப்பா இல்லை என்பது உனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. மாமிக்கு நீயும் அந்தப் பச்சை "இன்னாலில்லாஹி"யை ஒட்டியிருக்கிறாய், பாலாவி ஆட்களின் போனில் பார்த்தேன், சரியான இடத்தில், சரியான நேரத்தில். அதை ஒட்டிய விரலுக்கு என் நம்பரை அமத்த நேரம் கிடைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ரியாஸ் கேட்டபோது, உன் மானத்தைக் காப்பாற்ற என்னை எதுவும் தெரியாத கிழவனாக்கிவிட்டாய். அப்போது உனக்கு ஞாபகம் வந்துவிட்டது, இல்லையா? அதனால்தானே அடுத்த நாளே சத்தமில்லாமல் சேர்த்தாய்?

நீ இனி ஒரு குடும்பத்துக்குத் தலைவன். ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள், விட்டால் விடு. உன் மனைவி பிழை விடுவாள். உன் பிள்ளைகள் இதைவிடப் பெரிய பிழையெல்லாம் விடும். கத்து, ஏசு, இரண்டு நாள் கதைக்காமல் இரு. ஆனால் வீட்டு ஆள் ஒன்றை, சொல்லாமல் கொள்ளாமல் வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைப் பூட்டாதே. பூட்டினாலும், வெளியே ஆள் நிற்கிறது என்பதை மறக்காதே.

உன் உம்மா இதை அனுப்ப வேண்டாம் என்கிறாள். "விடுங்க, புள்ள வேலையில மறந்திருப்பான். உங்கட கோபம் தண்ணியில போட்ட உப்புத்தானே" என்கிறாள். இந்தக் கோபம் அப்படிக் கரைகிறதாக இல்லை.

ராத்தாவின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ரியாஸ் எல்லாரையும் அழைத்திருக்கிறான். நீயும் வருவாய். ரியாஸ் இன்றைக்கும், தன் உம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது ஒரு போனைத் திறக்கச் சோம்பல்பட்ட மனுசன் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பெற்ற மகனை இன்னொருவன் முன்னால் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வராது. அதைச் சொல்ல வேண்டியது நீ. குரூப்பில் இல்லை. குரல் மெசேஜில் இல்லை. அவன் முன்னால் இருந்து, அவன் முகத்தைப் பார்த்து, "நான்தான் வாப்பாவ குரூப்பால எடுத்துவிட்டன், உங்கட மெசேஜ் ஒண்டும் அவருக்கு வரல்ல" என்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

ஓதி முடிந்ததும் சஹன் வைப்பார்கள். ஒரே தட்டைச் சுற்றி இருந்து, ஒரே சோற்றில் எல்லாரும் கை வைத்துச் சாப்பிடுகிற இடம் அது. ரியாஸிடம் நீ சொல்லிவிட்டு வந்தால், எனக்குப் பக்கத்தில் ஒதுங்கி உனக்கு இடம் விடுவேன், இறைச்சித் துண்டை உன் பக்கம் தள்ளியும் வைப்பேன். சொல்லாமல் வந்து என் சஹனில் கை வைத்தால், அத்தனை பேர் பார்க்க நான் எழும்பிப் போவேன்.

உன் வாப்பா.